தக்காளித் தொழிற்சாலை ஆய்வகத்தில் 11 வாரங்கள்: சீசன் வேலைக்குப் போகிறவர்களுக்கு

போனில் பேசியவர், "ஆய்வக வேலைதான் அம்மா, உட்கார்ந்து பார்க்கிற வேலை, எட்டு மணி நேரம்" என்றார். வேதியியல் படித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்த எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். ஓவர்டைமை எப்படிக் கணக்கிடுவார்கள், வார விடுமுறை உண்டா, நடுவில் உடம்புக்கு முடியாமல் போனால் என்ன ஆகும், நான் தொழிற்சாலையின் ஆளா, காண்டிராக்டரின் ஆளா என்று எதையும் கேட்கவில்லை. 11 வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது, கைக்கு வர வேண்டியதில் 23 நாள் சம்பளம் குறைந்திருந்தது. இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு கூடியிருந்தது. யாராவது ஒருவர் முன்பே அரை மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதி நடந்திருக்காது. எனக்கு அப்படி யாரும் இல்லை. அடுத்து போகிற உங்களுக்கு இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தக்காளி காத்திருக்காது. பழுத்துவிட்டால் சில நாட்களுக்குள் கூழாக்கி, நீரை வற்றவைத்து, பேஸ்ட் ஆக்கி அடைத்துவிட வேண்டும். அதனால் அந்தச் சில வாரங்களுக்குத் தொழிற்சாலை இரவு பகலாக ஓடும். நிரந்தர ஊழியர்கள் போதாமல்தான் எங்களைப் போன்றவர்களை எடுக்கிறார்கள். எட்டு மணி நேரம் என்று சொன்ன ஷிப்ட் உண்மையில் 12 மணி நேரமாக இருந்தது. கூடுதல் நான்கு மணி நேரமும் தினச் சம்பளத்திலேயே அடக்கம் என்று சேர்ந்த பிறகுதான் காண்டிராக்டர் சொன்னார். உட்காரவும் நேரமில்லை. ஒவ்வொரு மணிக்கும் ஒரு சுற்று: கழுவும் தொட்டி, கொதிகூழ்த் தொட்டி, கூழின் நீரை வற்றவைக்கும் ஆவியாக்கி, நிரப்பும் இயந்திரம் எல்லாவற்றிலும் மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு ஓடி, அளந்து, எழுதி, மறுபடி கிளம்ப வேண்டும். ஆவியாக்கியின் மேல்தளத்துக்கு இரும்புப் படிக்கட்டு. தரை எப்போதும் ஈரம். நான் சாதாரண ஷூவோடு போனேன். மூன்றாவது நாள் பாதம் வெந்து தோல் உரிந்தது. தொழிற்சாலை கொடுத்த பூட்ஸுக்கு இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வழுக்காத அடிப்பாகம் உள்ள பூட்ஸையும், மாற்றிப் போட நாலைந்து ஜோடி பருத்திக் காலுறைகளையும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எதையும் உற்பத்திக் கூடத்துக்குள் விடமாட்டார்கள். விட்டாலும் போடாதீர்கள். காரணம் பின்னால் வரும்.

முதல் இரண்டு வாரம் என்னை லாரி வரும் இடத்தில் போட்டார்கள். ஒவ்வொரு லோடிலும் மாதிரி எடுத்து, அழுகல் எவ்வளவு, பச்சைக்காய் எவ்வளவு, பிரிக்ஸ் எவ்வளவு என்று எழுத வேண்டும். பிரிக்ஸ் என்பது கரைந்திருக்கும் திடப்பொருளின் அளவு. நல்ல தக்காளியில் பெரும்பாலும் 4 முதல் 6 வரை இருக்கும். நான் எழுதும் அழுகல் சதவீதத்தை வைத்துத்தான் விவசாயிக்குப் பணம் பிடிப்பார்கள் என்று தெரிந்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. ஒரு கைப்பிடி கூடக் குறைய அள்ளினால் எங்கோ ஒரு குடும்பத்தின் வருமானம் மாறுகிறது. டிரைவர்கள் அவசரப்படுத்துவார்கள், "மேலேயே எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, எல்லாம் ஒரே பழம்தான்" என்பார்கள். ஒரே பழமாக இருக்காது. மேலே இருப்பது காற்றோட்டத்தில் நன்றாக இருக்கும், அடியில் இருப்பது பாரத்தில் நசுங்கிச் சாறு விட்டுப் புளித்திருக்கும். மழை பெய்த ஒரு மாலை, சோம்பலில் மேல்பக்கம் மட்டும் அள்ளி நல்ல லோடு என்று எழுதிவிட்டேன். அடி லோடு கன்வேயரில் விழுந்தபோது புளித்த வாடை ஆய்வகம் வரை வந்தது. மேலே, நடுவே, அடியே என மூன்று ஆழத்திலும், முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும் எடுங்கள். மழையானாலும் எடுங்கள். அதுதான் விவசாயிக்கும் நியாயம், தொழிற்சாலைக்கும் நியாயம்.

அழுகல் உள்ளே போனால் அது கூழில் மறைந்துவிடாது. பூஞ்சை இழைகளாக நுண்ணோக்கியில் தெரியும். அவற்றை எண்ணும் முறை ஹோவர்டு என்ற அமெரிக்க அரசு ஆய்வாளர் 1911இல் வெளியிட்டது. இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. குறிப்பிட்ட ஆழமுள்ள கண்ணாடித் தட்டில் கூழை வைத்து, 100 மடங்கு பெரிதாக்கி, 25 பார்வைப் புலங்களைப் பார்க்க வேண்டும். புலத்தில் உள்ள இழைகளில் மூன்றுக்கு மிகாமல் எடுத்து, அவற்றின் மொத்த நீளம் புலத்தின் விட்டத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தப் புலம் 'உண்டு' என்று கணக்கு. சொல்ல எளிது. நள்ளிரவில் தக்காளித் தோலின் நார் ஒவ்வொன்றும் பூஞ்சை போலவே தெரியும். ஆய்வகத்தின் மூத்த அக்கா ஒருவர்தான் வித்தியாசம் காட்டினார். பூஞ்சை இழையின் இரு ஓரமும் இணைகோடாக, ஒரே அகலத்தில் ஓடும். இடையிடையே குறுக்குச் சுவர் இருக்கும், உள்ளே சிறு மணிகள் போலத் தெரியும். செடியின் நார் அகலம் மாறும், முனையில் கூராகும். இதை முதல் நாளே யாரிடமாவது கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் நான் நாரையும் சேர்த்துப் பூஞ்சை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இனி அந்த இரவைச் சொல்கிறேன். ஐந்தாவது வாரம், நைட் ஷிப்ட். என்னோடு இருக்க வேண்டிய பெண் காய்ச்சலில் வரவில்லை. "ஒரு நாள்தானே, சமாளித்துக்கொள் அம்மா" என்று சூப்பர்வைசர் போய்விட்டார். முழு ஆய்வகமும் என் ஒருத்தியிடம். எங்கள் பேஸ்டின் பிரிக்ஸ் 28க்கும் 30க்கும் நடுவே இருக்க வேண்டும். ஆவியாக்கியில் எடுத்த மாதிரி சூடாக இருந்தது. ஸ்டீல் கிண்ணத்தில் வாங்கி, ஆறட்டும் என்று மூடாமல் மேசையில் வைத்துவிட்டு, அடுத்த மாதிரிக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது பேஸ்டின் மேல் ஏடு படிந்திருந்தது. கலக்கவில்லை. நுனிக் கரண்டியால் மேலாக எடுத்து, பிரிக்ஸ் அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தேன். 31.2 என்று காட்டியது. ஆவியாக்கி அறைக்குப் போன் செய்து "31 தாண்டிவிட்டது அண்ணா" என்றேன். பேஸ்ட் கொஞ்சம் நீர்க்கட்டும் என்று அவர் கூழின் ஓட்டத்தைக் கூட்டினார். அடுத்த முறையும் அப்படியே செய்தேன், 30.6 வந்தது. இன்னும் கூட்டினார். விடியற்காலையில் வந்த பகல் ஷிப்ட் ஆள் நிரப்பிய டிரம்மிலிருந்து எடுத்துப் பார்த்தால் 26.9. அதற்குள் 38 டிரம் நிரம்பியிருந்தது, ஒவ்வொன்றும் 200 லிட்டர்.

அத்தனை டிரம்மிலும் சிவப்பு அட்டை கட்டி ஓரமாக நிறுத்தினார்கள். வரிசையாக நின்ற அந்தச் சிவப்பு அட்டைகளை இன்னும் மறக்க முடியவில்லை. அந்த மூத்த அக்கா என்னைத் திட்டவில்லை. ரிஃப்ராக்டோமீட்டரை முன்னே இழுத்து, காய்ச்சி வடித்த நீர், அதாவது வடிநீர், ஒரு சொட்டு விட்டார். பூஜ்யம் காட்ட வேண்டிய கருவி 0.7 காட்டியது. டிஷ்யூவை நனைத்துக் கண்ணாடிப் பரப்பின் ஓரத்தை அழுத்தித் துடைத்தார். டிஷ்யூவில் மெல்லிய ஆரஞ்சு நிறம் ஒட்டி வந்தது. மறுபடி சொட்டு விட்டார். 0.0. "ஷிப்ட் ஆரம்பத்தில் இதைப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. பிறகு புதிதாக ஒரு மாதிரி எடுத்து, கிண்ணத்தை மூடி, தண்ணீர்த் தொட்டியில் வைத்து 20 டிகிரிக்குக் குளிரவைத்து, நன்றாகக் கலக்கிப் பார்க்கச் சொன்னார். கருவியின் ஓரத்தில் காய்ந்திருந்த பழைய பேஸ்ட், நீர் ஆவியாகிக் கெட்டிப்பட்ட மேல் ஏடு, இரண்டும் சேர்ந்து என் எண்ணை ஏற்றிவிட்டிருந்தன. எனவே நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். எடுத்தவுடன் மூடுங்கள். குளிரவைத்துக் கலக்குங்கள். ஒவ்வொரு முறையும் வடிநீரில் பூஜ்யம் பாருங்கள், பார்த்த எண்ணை எழுதுங்கள். எண் சந்தேகமாக இருந்தால் யாருக்கும் போன் செய்யும் முன் இரண்டாவது மாதிரி எடுங்கள். வால்வைத் திறந்ததும் வருவது குழாயில் தேங்கி நின்ற பழைய சரக்கு, அதை வழியவிட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

விசாரணை நடந்த அறையில்தான் நான் உண்மையில் உடைந்துபோனேன். மாதிரி எத்தனை மணிக்கு எடுத்தாய் என்று கேட்டார்கள். பதிவேட்டில் 1.00, 2.00, 3.00 என்று உருட்டி எழுதியிருந்தேன். நிஜமாக எடுத்தது 1.20, 2.35 போன்ற நேரங்களில். இரண்டு கட்டங்களை அவசரத்தில் விட்டுவிட்டு, விடியும்போது நினைவிலிருந்து நிரப்பியிருந்தேன். ஆவியாக்கியின் வெப்பநிலையும் ஓட்டமும் தானாகவே நிமிடக் கணக்கில் பதிவாகியிருந்தன. அதோடு என் பதிவேட்டை ஒப்பிட்டபோது எதுவும் பொருந்தவில்லை. ஆள் குறைவாக இருந்ததை நான் சொன்னேன். அதை எங்கே எழுதியிருக்கிறாய் என்றார்கள். எங்கும் எழுதவில்லை. இரண்டு முறை போனில் சூப்பர்வைசரிடம் உதவி கேட்டதையும் எழுதவில்லை. அவர் நினைவில்லை என்று சொல்லிவிட்டார். டிரம்கள் வீணாகவில்லை, வேறு கெட்டியான பேஸ்டோடு கலந்து மறுபடி ஓட்டினார்கள். ஆனால் சீசன் முடிவில் தருவதாகச் சொன்ன ஊக்கத்தொகை, 15 நாள் சம்பளம், எனக்கு இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். அளந்ததில் நேர்ந்த தவறுக்காகக்கூட அவ்வளவு கோபப்படவில்லை. நேரத்தை உருட்டி எழுதியதற்காகத்தான் கோபப்பட்டார்கள். இன்று யோசிக்கும்போது அது சரிதான் என்று படுகிறது. தவறான எண் ஒரு மாதிரியைக் கெடுக்கிறது, பின்னால் நிரப்பிய கட்டம் பதிவேடு முழுவதையும் நம்ப முடியாததாக்கிவிடுகிறது.

அன்றே சட்டைப்பையில் அடங்கும் ஒரு நோட்டு வைக்க ஆரம்பித்தேன். மாதிரியை எடுத்த இடத்திலேயே நேரம், வால்வு எண், பேட்ச் எண், என் பெயரின் முதலெழுத்து. எடுக்க முடியாமல் போனால் கட்டத்தில் 'எடுக்கவில்லை' என்றும் காரணத்தையும் எழுதுவேன். தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு அடித்துப் பக்கத்தில் கையெழுத்து. கிறுக்கி மறைக்கக் கூடாது, வெள்ளை மை கூடவே கூடாது. லேபிளை மூடியில் ஒட்டாதீர்கள், பாத்திரத்தின் உடலில் ஒட்டுங்கள். மூடிகள் மாறிப்போகும். ஈரமான பாத்திரத்தில் லேபிள் நிற்காது, மாதிரி எடுக்கும் முன்பே காய்ந்த பாத்திரத்தில் ஒட்டி, அழியாத மார்க்கரால் எழுதிவிட வேண்டும். பூட்ஸைவிட இந்த நோட்டு எனக்கு அதிகம் உழைத்தது. நுண்ணுயிர்ச் சோதனைக்கும் இதே கவனம்தான். ஒருமுறை புழுக்கம் தாங்காமல் மின்விசிறியைப் போட்டுவிட்டு, நுண்ணுயிர்களை வளர்க்கும் அகாரைத் தட்டுகளில் ஊற்றினேன். இரண்டு நாள் கழித்து, தட்டுகளை இளஞ்சூட்டில் வைக்கும் இன்குபேட்டரைத் திறந்தால் எல்லாத் தட்டிலும் பூஞ்சை. மாதிரி எதுவும் சேர்க்காத வெற்றுத் தட்டு ஒன்றையும் வைத்திருந்தேன், அதிலும் பூஞ்சை இருந்ததால்தான் குற்றம் காற்றில், பேஸ்டில் இல்லை என்று நிரூபிக்க முடிந்தது. வெற்றுத் தட்டை ஒருநாளும் விடாதீர்கள்.

ஏழாவது வாரம் கை வெந்தது. கொதிகூழ்த் தொட்டியில் கூழ் 90 டிகிரிக்கு மேல் இருக்கும். தக்காளியை நறுக்கியவுடன் அதிலுள்ள நொதிகள் பெக்டினைச் சிதைக்க ஆரம்பிக்கும், கெட்டித்தன்மை போய்விடாமலிருக்க உடனே அவ்வளவு சூடாக்கிவிடுவார்கள். மாதிரி வால்வில் காய்ந்த கூழ் அடைத்திருந்தது. நேர் எதிரே நின்றுகொண்டு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருகினேன். அடைப்பு பிய்த்துக்கொண்டு கூழ் சீறியது. கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே இருந்த இரண்டு விரல் அகல இடத்தில் ஒட்டிக்கொண்டது. வெந்நீராக இருந்தால் வழிந்து ஓடியிருக்கும். கூழ் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருந்தது. நான் துணியால் துடைத்து, முதலுதவிப் பெட்டியில் இருந்த களிம்பைத் தடவிக்கொண்டு, சுற்றை முடிக்கப் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஏற்கெனவே கெட்ட பெயர், இதையும் சேர்க்க வேண்டாம் என்ற பயம். காலையில் தோல் பையாகத் தொங்கியது. ஆறு நாள் போக முடியவில்லை. விபத்துப் பதிவேட்டில் இல்லாததால் அது வேலையில் பட்ட காயம் என்று ஏற்க மறுத்துவிட்டார்கள், ஆறு நாள் சம்பளமும் போயிற்று.

தீக்காயத்துக்கு முதல் மருந்து ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். பனிக்கட்டி வேண்டாம், களிம்பும் அப்போது வேண்டாம். அதற்கு முன் மோதிரமோ வளையலோ இருந்தால் கழற்றிவிட வேண்டும், அவை சூட்டையும் கூழையும் பிடித்து வைத்துக்கொள்ளும், வீக்கம் வந்தால் இறுக்கும். அடைத்த வால்வை நீங்களாகத் திருகாதீர்கள், அதைச் சரிசெய்வது பராமரிப்பு ஆட்களின் வேலை. வால்வுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், முகக் கவசம் போடுங்கள், சட்டைக் கை கையுறையின் மேல் வருமாறு இழுத்துவிடுங்கள். காஸ்டிக் சோடாவால் குழாய்களைக் கழுவிய பிறகு எடுக்கும் முதல் மாதிரிக்கும் இதே எச்சரிக்கை தேவை. அதில் மிச்சமிருக்கும் காரம் நிறமில்லாமல் இருக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பறித்துவிடும். காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்த ஷிப்ட் முடிவதற்குள் விபத்துப் பதிவேட்டில் எழுதவைத்து, அந்தப் பக்கத்தை நகல் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் உங்கள் நோட்டில் நேரத்தோடு எழுதி, உடன் நின்றவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

ஒன்பதாவது வாரம் மறுபடி நைட் ஷிப்ட், அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மீட்டர் 4.7 காட்டியது. எண் ஏறினால் அமிலம் குறைகிறது என்று பொருள். தக்காளிப் பொருளில் 4.6 என்பது தாண்டவே கூடாத எல்லை. அதற்கு மேல் போனால் போட்டுலினம் என்ற கொடிய நச்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர இடம் கிடைத்துவிடும். கை நடுங்கியது. ஆனால் இந்த முறை என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. இரண்டாவது மாதிரி எடுத்தேன், அதுவும் 4.7. நிரப்புவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, நேரத்தை எழுதினேன். பிறகு பி.எச். அளவு முன்பே தெரிந்த 4.00, 7.00 பஃபர் கரைசல்களில் மீட்டரைச் சரிபார்த்தால் இரண்டிலும் பிசகியிருந்தது. முந்தைய ஷிப்டில் யாரோ மின்முனையைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்காமல் வடிநீரில் ஊறவைத்துவிட்டிருந்தார்கள். மாற்று மின்முனையைப் போட்டு அளந்தேன். 4.3. மறுபடி ஓடவிட 40 நிமிடம் ஆயிற்று. "மீட்டர் கோளாறுக்கு லைனை நிறுத்துவாயா?" என்று சூப்பர்வைசர் கத்தினார். நோட்டைக் காட்டினேன். நிமிட வாரியாக எல்லாம் இருந்தது. அவர் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். மறுநாள் தர மேலாளர் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு, சந்தேகம் வந்தால் இப்படித்தான் முதலில் நிறுத்த வேண்டும் என்று எல்லா ஷிப்டுக்கும் சொல்லி அனுப்பினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கணக்கு முடிக்கும் நாளில் காண்டிராக்டரின் தாளில் என் ஓவர்டைம் பூஜ்யம். மாற்று ஆள் தாமதமாக வந்து 12 மணி நேரத்துக்கு மேல் நான் நின்ற நேரங்கள் நோட்டில் இருந்தன, மொத்தம் 34 மணி. முதல் ஐந்து வாரத்துக்கு நோட்டு இல்லை, அதனால் அவற்றைக் கேட்கவே முடியவில்லை. தொழிற்சாலை நுழைவாயில் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, 34 மணிக்கும் கொடுத்தார்கள். ஊக்கத்தொகையும் ஆறு நாள் சம்பளமும் பூட்ஸ் பணமும் திரும்ப வரவில்லை.

போன வாரம் வேறொரு தொழிற்சாலையிலிருந்து அடுத்த சீசனுக்கு அழைத்தார்கள். அதே குரல் மாதிரிதான், "ஆய்வக வேலை, எட்டு மணி நேரம்." நான் ஐந்து கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறேன். ஷிப்ட் எத்தனை மணி நேரம், அதற்கு மேல் நின்றால் மணிக்கு எவ்வளவு, இரவில் ஆய்வகத்தில் எத்தனை பேர், பாதுகாப்பு உடையும் பூட்ஸும் யார் செலவு, வேலையில் அடிபட்டால் சம்பளம் உண்டா. முதல் இரண்டுக்குப் பதில் வந்திருக்கிறது. மற்ற மூன்றையும் "நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்" என்கிறார்கள். எழுத்தில் வரட்டும் என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன்.